தாகம் அறியாத தெரு

அரியலூரில் நான் குடியிருந்த தெருவைப் பற்றி யாராவது நல்லதாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் காலத்து டவுன் வாழ்க்கையே தனி, விடிந்தால் ஜட்கா வண்டிச் சத்தம், ரயில் ஊதல், வாசலுக்கு வாசல் பேச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டால் எந்தத் தெருவும் அழகுதான். எங்கள் தெருவுக்கு மூக்கையும் சேர்த்து மூடிக்கொள்ள வேண்டும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது யுத்த காலத்தில். என் கணவர் பட்டாளத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போய்விட்டார். எனக்கு அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி ஓட்டிய நாட்கள் அவை. கீழப்பழுவூரைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். அம்மா ஜெபமாலையை எடுத்தாள். கடைசியில் பஸ் எதனால் நகர்ந்தது என்பதில் அவள் சாகிறவரை எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் பாதையிலிருந்து பிரிகிற தெருவில் இரண்டு அறைகள் வாடகைக்குக் கிடைத்தன. மூட்டையை அவிழ்ப்பதற்குள் மூன்று பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை.

"வேதக்காரங்களா?" என்றாள் ஒருத்தி, சுவரில் நான் மாட்டிக்கொண்டிருந்த மாதா படத்தைப் பார்த்து.

"ஆமாங்க."

"வூட்டுக்காரரு எங்க?"

"பட்டாளத்துல."

"கடுதாசி ஒழுங்கா வருதா?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்து நின்றாள். மூன்றாமவள் அதற்குள் எங்கள் பாத்திரங்களை எண்ணி முடித்திருந்தாள். இதைத்தான் அன்பு என்று சொல்லிக்கொண்டார்கள் அந்தத் தெருவில்.

தெருவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. காரணம் ரயில். அரியலூரில் ரயில் நிற்கும், பெரம்பலூரில் ரயிலே கிடையாது. இதைத் தாங்களே தண்டவாளம் போட்டதைப் போலச் சொல்வார்கள். "பெரம்பலூரா? அது ஊருங்களா?" என்று ஜவுளிக்கடை முதலாளி கேட்பார். அவர்தான் தெருவின் பெரிய மனிதர். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நாற்காலி போட்டுக் கடை வாசலில் உட்காரக்கூடிய உடம்பு அவருக்கு மட்டும்தான் இருந்தது, அதனால் அவர் பெரிய மனிதர். "நம்ம தெரு மாதிரி ஒரு தெரு திருச்சியிலயே கெடையாதும்மா" என்று அவர் என்னிடம் சொன்னபோது, நான் திருச்சியில் மூன்று வருஷம் படித்தவள் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவருக்கு அடுத்த இடம் கோர்ட்டு குமாஸ்தாவுக்கு. பென்ஷன் வாங்கி வெகுநாளான மனிதர். தினமும் காலையில் முடிவெட்டும் கடை பெஞ்சியில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார். தெருவே கூடிக் கேட்கும். பேப்பரில் இல்லாத சண்டைகளையும் அவர் சேர்த்துப் படிப்பதை நான் ஒருநாள் பக்கத்தில் நின்று கண்டுபிடித்தேன். ஜப்பான்காரன் பின்வாங்கியது அவருக்கு நல்ல காபி கிடைத்த நாட்களில்தான். இன்னொரு வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. தட்டு ஒன்றே ஒன்று, அதிலும் கீறல். முள் அந்தக் கீறலில் சிக்கி ஒரே சொல்லை இருபது முறை சொல்லும். வீட்டுக்காரர் எழுந்து வந்து தட்டிவிடும்வரை நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லோடு வாழ வேண்டும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தண்ணீர்.

அரியலூர் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. எங்கள் தெருக்கோடிக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தலைக்குக் குளித்தால் மயிர் தேங்காய் நாராகிவிடும். மாசி முடிந்தால் அதுவும் கிடையாது. வாளியை விட்டால் அடியில் 'டங்' என்று பாறையில் மோதும். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஓரத்து ஏரிக்குப் போவார்கள். போக அரை மணி, வர முக்கால் மணி. ஆண்கள் வாசலில் உட்கார்ந்து, குடத்தோடு வருகிறவர்களைப் பார்த்து, "என்னா, இன்னிக்கு ஏரியில கூட்டமா?" என்று விசாரிப்பார்கள். தெருவில் எந்த ஆணும் ஒரு குடம் தூக்கி நான் பார்த்ததில்லை.

இந்தத் தண்ணீரால் அதிகம் பாடுபட்டவள் தெரு முனையில் இட்லி விற்ற அம்மாள். புருஷன் இல்லை. ரயிலுக்குப் போகிறவர்களும் ஜட்காக்காரர்களும் அவளிடம் சாப்பிடுவார்கள். அரிசி களைய, ஊறவைக்க, ஆட்ட, பாத்திரம் கழுவ என்று அவளுக்கு மட்டும் நாளைக்குப் பத்துக் குடம் வேண்டும். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாக அவள் ஏரியிலிருந்து வருவதைப் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். நிற்காமலே, "வாங்க டீச்சரம்மா, ரெண்டு சாப்புட்டுப் போங்க" என்பாள். அந்தத் தெருவில் எதையும் விசாரிக்காமல் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்.

அப்படியிருக்கையில் ஒரு செய்தி வந்தது. ஊரில் ஒரு புதுக் கிணறு வெட்ட மேலிடத்தில் உத்தரவாகியிருக்கிறது. எந்தத் தெருவில் வெட்டுவது என்று பார்க்க ஓர் அதிகாரி நேரில் வருகிறார். எங்கள் தெருவுக்கும் வருவார்.

ஜவுளிக்கடையில் கூட்டம் போட்டார்கள். எனக்கும் ஆள் வந்தது. என் கையெழுத்து அச்சடித்ததைப் போல இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போனேன். முதலாளி நாற்காலியில், குமாஸ்தா துணிப் பொதியின் மேல், மற்றவர்கள் பாயில்.

"அதிகாரிக்கு ஒரு வரவேற்புப் பத்திரம் வாசிச்சுக் குடுக்கணும். நீங்கதாம்மா எழுதணும்" என்றார் முதலாளி. "நம்ம தெருவோட அருமை பெருமை எல்லாம் அதுல வரணும்."

"தண்ணி விஷயத்தை எங்கே சேர்க்கிறதுங்க?" என்றேன்.

முதலாளி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வர்ற பெரிய மனுஷன்கிட்ட எடுத்த எடுப்புல பிச்சை கேக்கறதா? மொதல்ல நம்ம தெரு எப்பேர்ப்பட்ட தெருன்னு அவருக்குத் தெரியட்டும். தெரிஞ்சா அவரே கேப்பாரு, ஒங்களுக்கு என்ன செய்யணும்னு."

"அதான் முறை" என்றார் குமாஸ்தா.

வாசலில் இட்லிக்கார அம்மாள் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இடுப்பில் காலிக் குடம். ஏரிக்குப் போகிற வழியில் நின்றிருக்கிறாள்.

"டீச்சரம்மா, தண்ணி இல்லைன்னு மட்டும் எழுதுங்க. மத்ததெல்லாம் வந்து பாத்தா அவருக்கே தெரிஞ்சிடும்" என்றாள்.

"ஒன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ. இது ஆபீஸ் விவகாரம்" என்றார் முதலாளி. அவள் போய்விட்டாள். அங்கே இருந்தவர்களிலேயே விவரமான ஆள் வாசலோடு போய்விட்டாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் சொல்லவில்லை. எழுத ஒப்புக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஒரு வாரம் என் வீட்டுக்கு வந்து போகாத ஆள் இல்லை. கிராமபோன்காரர் வந்து, சங்கீதம் என்று ஒரு வரி வர வேண்டும் என்றார். ஜட்கா வைத்திருந்தவர் குதிரைகளைச் சேர்க்கச் சொன்னார். குமாஸ்தா நாலு வடமொழிச் சொற்களைக் கொண்டுவந்து கொடுத்து, எங்கேயாவது போட்டுவிடுங்கள் என்றார். கிராமபோன் வீட்டுக்கும் ஜட்கா வீட்டுக்கும் எது முதலில் வருவது என்பதில் தகராறாகி, இரண்டு வீட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் ஏளனம் நாளுக்கு நாள் முற்றியது. எழுதுகிறேன் பாருங்கள், நீங்கள் கேட்டதற்கு மேலேயே எழுதுகிறேன் என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜட்காக் குதிரைகள் வாசலெல்லாம் சாணம் போடும். "அதிகாலையில் அசுவங்களின் நறுமணம் கமழும் வீதி" என்று எழுதினேன். குமாஸ்தாவின் பேப்பர் படிப்பை, "உலகச் செய்திகள் நடந்தேறும் முன்னரே அறியப்படும் வீதி" என்றேன். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் தெருவிளக்கு ஏற்றி மாதங்கள் ஆகியிருந்தன. "நிலவின் பெருமைக்கு இடம்விட்டு விளக்குகள் அடக்கத்துடன் விளங்கும் வீதி" என்றேன். ஒருவர் வீட்டில் தாளித்தால் ஒன்பது வீட்டார் வந்து நலம் விசாரிக்கும் நேசத்தையும் விடவில்லை. கடைசி வரிக்காக வெகுநேரம் யோசித்தேன். பிறகு எழுதினேன்: "தாகம் என்பதை எமது வீதி அறியாது."

அந்த வரி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நேத்துதான் ரெண்டு குடத்துக்கு ஏரிக்கு நடந்து எனக்கு முழங்கால் வீங்கிக் கெடக்கு. தாகம் தெரியாதுன்னு எழுதுறியே?"

"கேலிம்மா. எல்லாமே கேலி. படிச்சவனுக்குப் புரியும்."

"கேலின்னு அடியில எழுதியிருக்கியா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நெசத்தை எழுத மூணு வார்த்தை போதும். நீ மூணு பக்கம் எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

ஜவுளிக்கடையில் நான் அதைப் படித்தபோது ஒருவர்கூடக் கேலியைக் கண்டுபிடிக்கவில்லை. முதலாளியின் கண் கலங்கிவிட்டது. ஜட்காக்காரர் அசுவம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். "தாகமே அறியாது! அடேயப்பா!" என்று குமாஸ்தா தொடையில் தட்டினார். எவ்வளவு மடையர்கள் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டே நான் அவர்களுடைய பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை.

அதிகாரி வருகிற அன்று தெருவை அடையாளம் தெரியவில்லை. சாணத்தை வழித்து, முனையில் வாழை கட்டி, மாவிலைத் தோரணம் போட்டிருந்தார்கள். கிணற்றடியில் குடங்கள் வரிசையாக நின்றால் அசிங்கமாக இருக்கும் என்று முதலாளி சொல்லி, எல்லாக் குடங்களும் வீட்டுக்குள் போயின. அன்று காலை யாரும் தண்ணீருக்குப் போகக்கூடாது என்றும் உத்தரவு. இட்லிக்கார அம்மாளின் அடுப்பையும் தட்டியையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள், புகை ஆகாதாம்.

காரில் வந்து இறங்கினார் அதிகாரி. ஒல்லியான மனிதர், சலித்துப்போன முகம். மாலையைப் போட்ட கையோடு கழற்றிப் தன்னோடு வந்த குமாஸ்தாவிடம் கொடுத்தார். அவருடைய குமாஸ்தா வேறு, எங்கள் கோர்ட்டு குமாஸ்தா வேறு. எங்கள் குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினார். ஜப்பான்காரனைத் துரத்துகிற குரல். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். அதிகாரி கிணற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். ஈரமே இல்லாத கிணற்றடி, கோலம் போட்டிருந்தது.

கடைசி வரி முடிந்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "இதை எழுதினது யாரு?" என்றார்.

முதலாளி என்னை முன்னால் தள்ளாத குறையாகக் காட்டினார். "எங்க டீச்சரம்மாங்க."

அதிகாரி என்னிடம் நேராகக் கேட்டார். "நல்ல தமிழ். ஆனா நான் தண்ணிக்காகத்தான் வந்திருக்கேன். நெசமாவே இங்க தண்ணிக்குக் குறை இல்லையா அம்மா?"

என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. இல்லை ஐயா, குடிக்கத் தண்ணீர் கிடையாது என்று சொன்னால் முடிந்தது. தெரு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி புன்னகையோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல தமிழ் என்ற சொல் இன்னும் என் காதில் இருந்தது. இப்போது குறை உண்டு என்று சொன்னால், எழுதியது என்ன என்று கேட்பாரே; கேலி என்று எப்படிச் சொல்வது?

"எழுதியிருக்கிறபடிதாங்க" என்றேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து, "ஐயா, பொய்யிங்க!" என்று ஒரு குரல் எழுந்தது. இட்லிக்கார அம்மாள். அதற்குள் முதலாளி மேளக்காரருக்குக் கையைக் காட்டிவிட்டார். நாதஸ்வரத்தில் அவள் குரல் காணாமல் போயிற்று. அதிகாரி தன் குமாஸ்தாவிடம் ஏதோ சொல்ல, அவர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கார் கிளம்பியது.

அடுத்த தெருவில் தோரணமும் இல்லை, மேளமும் இல்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து அங்கே பாத்திரக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் கடையிலிருந்து இறங்கி வந்து, ஒரு செம்பில் அந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தாராம். "குடிச்சுப் பாருங்க ஐயா" என்றாராம். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாராம். அவ்வளவுதான் அவர்கள் வாசித்தளித்த பத்திரம். இரண்டு மாதத்தில் அங்கே வெட்டத் தொடங்கினார்கள். பாறை விரிசலில் ஊற்று கிடைத்து, ஓரளவு நல்ல தண்ணீரே வந்தது.

எங்கள் தெரு கொதித்தது. அதிகாரிக்கு ரசனை இல்லை என்றார் குமாஸ்தா. ராவுத்தர் ஏதோ சூழ்ச்சி செய்துவிட்டார் என்றார் முதலாளி. தாங்கள் என்ன செய்தோம் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பத்திரத்தின் நகலுக்குக் கண்ணாடி போட்டு ஜவுளிக்கடையில் மாட்டினார்கள். துணி எடுக்க வருகிறவர்களுக்கு முதலாளி அதைப் படித்துக் காட்டுவார். நானோ குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் வரிசையில் நின்றேன். அந்தத் தெருக்காரர்கள் எடுத்து முடித்த பிறகுதான் எங்களுக்கு. அதைக் குற்றம் சொல்ல முடியாது. ராவுத்தர் வீட்டு அம்மா மட்டும், "மொடமா இருக்காங்க, மொதல்ல விடுங்க" என்று என் அம்மாவை முன்னால் விடுவார்கள். அம்மா அதற்கு நன்றி சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

இட்லிக்கார அம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பள்ளிக்கூடம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு மாவைக் கலக்குவாள். மாதக்கணக்கில் எனக்கு அதுவே போதுமான தண்டனையாக இருந்தது. ஒருநாள் வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. நானாகப் பேசினேன்.

"எம்மேல கோவந்தானே?"

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "கோவம் என்னாங்க. கடையில அதைப் படிச்சாங்க, நானும் வெளியில நின்னு கேட்டேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. அப்புடி ஒரு தெரு இருந்தா குடிபோயிடலாம்னு எனக்கே ஆசையா இருந்துச்சு."

கேலியைப் புரிந்துகொள்ளாத மடையர்கள் என்று அவர்களை எத்தனை முறை நினைத்திருப்பேன். அவள் சொன்னதில் கேலி இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"இன்னொண்ணு எழுதறேன். நெசத்தை மட்டும். நீங்களும் என்கூட வரணும்" என்றேன்.

நாலே வரியில் எழுதினேன். அவள் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கைநாட்டு வாங்கி வந்தாள். கிராமபோன் வீட்டுப் பெண்ணும் ஜட்கா வீட்டுப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் விரலை அழுத்தியிருந்தார்கள். முதலாளியின் மனைவிகூடப் பின்கட்டு வழியாக வந்து, "அவருக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எங்கள் தெருவைப் பற்றி நல்லதாக நான் நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு காகிதம்தான்.

அதிகாரியின் ஆபீஸ் அப்போது பெரம்பலூரில். ரயில் இல்லாத ஊர் என்று நாங்கள் இளக்காரம் பேசிய ஊருக்கு, இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் போனோம். அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அன்று எங்கள் தெருவுக்கு வந்திருந்த அதே குமாஸ்தா இருந்தார். என் முகம் அவருக்கு நினைவில்லை. மனுவைப் படித்தார். உள்ளே போய் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து பிரித்தார். அச்சடித்ததைப் போன்ற என் கையெழுத்து.

"தாகம் என்பதை எமது வீதி அறியாது" என்று நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது ஃபைல்ல இருக்குதேம்மா. இதை வச்சுக்கிட்டுக் கெணறு வேணும்னு எப்படி மேல அனுப்பறது?"

"அதை எடுத்துடலாங்களா?"

"உள்ள போன பேப்பரு வெளியில வராதும்மா." அவர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. "ஒண்ணு செய்யலாம். இதுல எழுதினது நெசமில்லைன்னு, எழுதினவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அதை மேல வச்சுக் கட்டிடலாம். யாரு எழுதினது?"

நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள். அதிகாரியிடம் பொய் எழுதிக் கொடுத்தேன், கேட்டபோதும் பொய் சொன்னேன் என்று கையெழுத்திட்டால் வேலை என்ன ஆகும்? இட்லிக்கார அம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, ஆபீஸ் முற்றத்தில் ஒரு பியூன் செடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காயிதம் குடுங்க" என்றேன். மேற்படி பத்திரத்தை எழுதியவள் நானே, அதில் கண்டவை உண்மைக்கு மாறானவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை எழுத்து அச்சைப் போல வரவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவள் முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். காலையில் சுட்ட இட்லி. பாதியை என் கையில் வைத்தாள். சாப்பிட்டோம்.

நான் பயந்தது நடந்தது. தெருவின் மானத்தை வாங்கிவிட்டாள் என்று முதலாளி மேலே எழுதிப்போட்டார். என்னை விசாரித்தார்கள். வேலை போகவில்லை, மாற்றல் வந்தது. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நாங்கள் கிளம்பிய காலை தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. எப்போதும் எல்லோர் வீட்டுக்குள்ளும் தட்டாமல் நுழைகிற ஜனங்கள் அன்றைக்கு மட்டும் மரியாதை தெரிந்தவர்களாகிவிட்டார்கள். முனையில் இட்லிக்கார அம்மாள் மட்டும் அடுப்பை விட்டு எழுந்து வந்து, அம்மாவின் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

யுத்தம் முடிந்து என் கணவர் திரும்பி வந்தார். சுதந்திரமும் வந்தது. அதற்கு அடுத்த வருஷமோ, அதற்கும் அடுத்த வருஷமோ, ஒரு கல்யாணத்துக்காக அரியலூர் போனபோது அந்தத் தெருவுக்குள் போய்ப் பார்த்தேன். புதுக் கிணறு வெட்டியிருந்தார்கள், ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே. "வீதிப் பெரியோர்களின் இடையறாத முயற்சியால்" என்று கல்லில் பொறித்திருந்தது. முதலாளி இன்னும் கொஞ்சம் பெருத்து அதே நாற்காலியில் இருந்தார். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சற்று நேரம் பார்த்துவிட்டு, பிறகு கிணற்றைக் கையால் காட்டி, "எப்புடி?" என்றார். அவர் வெட்டிய கிணறு என்றே நம்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இட்லிக்கார அம்மாள் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியோடு நீட்டினாள். கை குவித்துக் குடித்தேன்.

"உப்புக் கரிக்குதே!" என்றேன்.

"கரிக்கத்தான் செய்யும். அதுக்கென்னா, வாசல்ல இருக்குதுல்ல?" என்றாள். "ஏரிக்கு நடந்த கால் இப்பத்தான் கொஞ்சம் ஓஞ்சிருக்கு. அம்மா எப்புடி இருக்காங்க?"

அம்மா போய்விட்டாள் என்று சொன்னேன். அவள் வாளியை மறுபடி கிணற்றில் விட்டு இழுத்தாள். பிறகு குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சரம்மா. பின்னால ஆளு நிக்குது."